புது லேப்டாப் வந்தாச்சு... மூன்று நாள் வேலையை ஒரே ஃபைலில் முடிப்பது எப்படி?

கோத்தகிரியிலிருந்து வரும் சாலை குன்னூருக்கும் ஊட்டிக்கும் பிரியும் இடம் கட்டபெட்டு. பச்சைத் தேயிலை மூட்டைகளை ஏற்றிய வண்டிகள், இன்ட்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை, நடுப்பகலிலேயே இறங்கிவிடும் மூடுபனி... இதுதான் ஊரின் முகம்.

இந்த ஊரில் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து முடித்த மகளுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. சாஃப்ட்வேர் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. திங்கள்கிழமை கூரியரில் அலுவலக லேப்டாப் வந்துவிட்டது. பூ வைத்து, பொட்டு வைத்துத் திறந்தாயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா கேட்கிறார். "என்ன கண்ணு, மூணு நாளா அந்தத் திரையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்க... ஒண்ணுமே டைப் பண்ணக் காணோமே?"

"இன்னும் வேலையே ஆரம்பிக்கலம்மா. வேலை செய்யறதுக்கான வேலைதான் நடக்குது!"

சாஃப்ட்வேர் துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். புதிய கணினியில் கோடிங் எழுதத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் அத்தனை. அந்த ஏற்பாட்டைக் கணினியையே செய்யவைக்கும் வழிகளைப் பற்றித்தான் இந்த வாரம்.

மூன்று நாள் எங்கே போகிறது?

புது போன் வாங்கினால் கூகுள் கணக்கைக் கொடுத்ததும் ஆப்கள் தானாக வந்து இறங்கிவிடும். வாட்ஸ்அப் பழைய அரட்டைகளையும் மீட்டுத் தந்துவிடும். கோடிங் எழுதும் லேப்டாப் அவ்வளவு எளிதாக மாறிவிடாது.

கோடு எழுத ஒரு எடிட்டர் வேண்டும். எழுதியதைச் சேமித்து, சக ஊழியர்களோடு பகிர 'கிட்' வேண்டும். பைதான், ஜாவா, நோட் போன்றவற்றில் அலுவலகம் எதைப் பயன்படுத்துகிறதோ அது வேண்டும். தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் வேண்டும். அலுவலக சர்வருக்குள் நுழைய வி.பி.என்., சாவிகள், பாஸ்வேர்டுகள் வேண்டும். எல்லாம் வந்த பிறகு ஒவ்வொன்றிலும் செட்டிங்ஸ் மாற்ற வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலைதான். ஆனால், ஒன்றை நம்பித்தான் இன்னொன்று நிற்கும். அலுவலக புராஜெக்ட் பைதானின் பழைய வெர்ஷனில் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் இணையதளத்துக்குப் போய், இருப்பதிலேயே புதிய வெர்ஷனை இறக்கியிருப்பார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும். சரியான வெர்ஷன் எது என்று டீம் சீனியருக்குத் தெரியும். அவர் மீட்டிங்கில் இருப்பார்!

இதில் வீணாவது நேரம் மட்டுமா? முதல் வேலைக்குப் போனவர், அதுவும் பக்கத்து நாற்காலியில் கேட்க ஆள் இல்லாமல் மலையில் தனியாக உட்கார்ந்திருப்பவர், 'எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையோ' என்று மருகத் தொடங்கிவிடுவார். உண்மையில் அவர் தடுமாறுவது யாரும் எழுதிவைக்காத ஒரு பட்டியல் கையில் இல்லாததால்தான்.

லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தால்?

இந்தச் சிக்கலின் பெரிய வடிவம் தமிழ்நாட்டுக்குப் பழக்கமானதுதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கப்பட்டது. கொள்முதல் செய்தது எல்காட் நிறுவனம். அந்த லேப்டாப்களைத் திறந்தவர்களுக்கு 'பாஸ்' லினக்ஸ் என்ற பெயர் நினைவிருக்கலாம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது.

இத்தனை கணினிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து இன்ஸ்டால் செய்து கட்டுப்படியாகாது. மொத்தமாகத் தயாராகும் கணினிகளுக்கு உலகம் முழுக்கக் கையாளப்படும் வழி 'இமேஜிங்'. முதலில் ஒரே ஒரு கணினியை எல்லா சாஃப்ட்வேர்களோடும் முழுமையாகத் தயார் செய்வார்கள். பிறகு அதன் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மற்ற கணினிகளில் பதிவார்கள்.

நீலகிரிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தேயிலை நாற்று நர்சரியில் நடப்பதும் இதுதான். நல்ல தாய்ச் செடியிலிருந்து ஓர் இலையோடு கூடிய சிறு குச்சியை வெட்டி, மண் நிரப்பிய பாலித்தீன் பையில் நடுவார்கள். உபாசி-3, உபாசி-9 போன்ற ரகங்கள் இப்படித்தான் பெருகின. விதையில் முளைத்த செடிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. குச்சியில் வளர்ந்தவை தாயைப் போலவே இருக்கும். அதற்குப் பெயரே 'குளோன்'.

குளோனில் ஒரு சிக்கலும் உண்டு. தாய்ச் செடியை ஒரு நோய் எளிதில் தாக்கும் என்றால், அதே பலவீனம் தோட்டம் முழுக்க இருக்கும். டிஸ்க் நகலும் அப்படித்தான். நகலெடுத்த நாளில் இருந்த பழைய வெர்ஷன், பாதுகாப்பு ஓட்டை எல்லாம் அத்தனை கணினிகளுக்கும் போய்ச் சேரும். ஆறு மாதம் கழித்துப் பதிந்தால், ஆறு மாத அப்டேட்டுகளையும் உட்கார்ந்து இறக்க வேண்டும்.

கூடலூரைத் தாண்டினால் வந்துவிடும் கேரளத்தில், பள்ளிகளுக்காகவே ஓர் இயங்குதளத் தொகுப்பை 'கைட்' என்ற அரசு நிறுவனம் தயாரித்துத் தருகிறது. உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அதை இன்ஸ்டால் செய்தால் ஜியோஜீப்ரா, ஜிம்ப் போன்ற பாடத்துக்குத் தேவையான மென்பொருள்களும் மலையாள எழுத்து வசதியும் சேர்ந்தே வந்துவிடும். ஆசிரியர் தனித்தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. பாடமும் இயங்குதளமும் மாறும்போது புதிய பதிப்பை வெளியிடுகிறார்கள்.

ஒரு மாநிலத்துக்கு இது பொருந்தும். ஐந்து பேர் கொண்ட டீமுக்கு? அங்கேதான் இரண்டாவது வழி வருகிறது.

குழம்பா, செய்முறையா?

கட்டபெட்டு மகள் கோவை ஹாஸ்டலில் இருந்தபோது அம்மாவின் அவரைக் குழம்புக்கு ஏங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பலாம். மேட்டுப்பாளையம் வெயிலைத் தாண்டி அது போய்ச் சேருமா என்பது சந்தேகம்தான். செய்முறையை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினால்? கெட்டுப்போக எதுவும் இல்லை. அங்கே கிடைக்கும் புது அவரையில் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

டிஸ்க் நகல் என்பது குழம்பு. ஸ்கிரிப்ட் என்பது செய்முறை. 'முதலில் கிட்டை இன்ஸ்டால் செய். பிறகு பைதானில் இந்த வெர்ஷனைப் போடு. பிறகு இந்த ஃபைலை இந்த இடத்தில் வை' என்று வரிசையாக எழுதிய சிறிய ஃபைல் அது. படிப்பதும் செய்வதும் கணினி.

இந்த யோசனைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜஸ், அங்கிருந்த கணினிகளைப் பராமரிக்கும் தலைவலியைக் குறைக்க 1993-ல் 'சி.எஃப்.எஞ்சின்' என்ற மென்பொருளை எழுதினார். 2012-ல் அமெரிக்காவின் மைக்கேல் டிஹான் 'ஆன்சிபிள்' என்ற கருவியை உருவாக்கினார். 2015-ல் ரெட் ஹாட் நிறுவனம் அதை வாங்கியது. 'ஆன்சிபிள்' என்ற சொல் எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1966-ல் தன் அறிவியல் புனைகதையில் உருவாக்கியது. எவ்வளவு தொலைவில் இருப்பவரோடும் நொடியில் பேசவைக்கும் கற்பனைக் கருவியின் பெயர் அது.

உப்பு போட்டாச்சா?

செய்முறையை எழுதும்போது எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'உப்பு போடு' என்று எழுதிவிடுவது. பாதிச் சமையலில் கரன்ட் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் இரண்டாவது முறையும் உப்பு விழுந்துவிடும்.

நல்ல செய்முறை, 'உப்பு இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் மட்டும் போடு' என்று சொல்லும். ஆன்சிபிள் போன்ற கருவிகளின் அடிப்படை இதுதான். கிட் ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடாது. இல்லாததை மட்டும் இன்ஸ்டால் செய்யும். பாதியில் நெட் துண்டிக்கப்பட்டாலும் பயமில்லை. மறுபடி ஓடவிட்டால், முடிந்த வேலைகளைத் தாண்டி, விட்ட இடத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் கரன்ட் எப்போது போகும் என்று தெரியாத மலைக் கிராமங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கணினியில் எப்படித் தொடங்குவது?

விண்டோஸ்: 'விங்கெட்' என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் 2020 மே மாதம் அறிவித்தது. முதல் முழுப் பதிப்பு 2021 மே மாதம் வந்தது. விண்டோஸ் 11-ல் இது கூடவே வருகிறது. கணினியில் இருக்கும் சாஃப்ட்வேர்களைப் பட்டியலிட்டு ஒரு ஃபைலாகத் தர 'எக்ஸ்போர்ட்' என்ற கட்டளை உண்டு. புதுக் கணினியில் அதே ஃபைலை 'இம்போர்ட்' செய்தால் வரிசையாக இன்ஸ்டால் ஆகும். விங்கெட்டின் களஞ்சியத்தில் இல்லாத சாஃப்ட்வேர்கள் மட்டும் விடுபடும். அவற்றைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

மேக்: மேக்ஸ் ஹவெல் 2009-ல் உருவாக்கிய 'ஹோம்ப்ரூ' இருக்கிறது. தேவையான எல்லாவற்றையும் 'ப்ரூஃபைல்' என்ற ஒரே ஃபைலில் எழுதிவைத்தால் போதும்.

லினக்ஸ்: உபுண்டு, டெபியன், பாஸ் போன்றவற்றில் 'ஆப்ட்' ஏற்கெனவே இருக்கும். பத்து சாஃப்ட்வேர்களின் பெயரை ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாலும் இன்ஸ்டால் செய்யும். செட்டிங்ஸையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஆன்சிபிளை அதன்மேல் பயன்படுத்தலாம்.

எடிட்டரின் நிறம், எழுத்தின் அளவு, குறுக்குவழிகள் போன்ற சொந்த செட்டிங்ஸ் எல்லாம் சின்னச் சின்ன ஃபைல்களில்தான் இருக்கின்றன. லினக்ஸிலும் மேக்கிலும் அவற்றின் பெயர் பெரும்பாலும் ஒரு புள்ளியில் தொடங்கும். அதனால் 'டாட் ஃபைல்' என்பார்கள். அவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு கிட்டில் சேமித்துவிடலாம்.

தமிழில் டைப் செய்பவர்கள் பட்டியலில் ஒரு வரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகையும் ஒரு நல்ல யுனிகோடு எழுத்துருவும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு புதுக் கணினியிலும் 'தமிழ் எப்படி வரவைப்பது' என்று தேடும் அரை மணி நேரம் மிச்சம்.

நெட் இல்லாவிட்டால்?

செய்முறை கையில் இருந்தாலும் சாமான் வாங்கக் கடை திறந்திருக்க வேண்டுமே? ஸ்கிரிப்ட் ஓடினாலும் சாஃப்ட்வேர்கள் இணையத்திலிருந்துதான் இறங்க வேண்டும். அவற்றில் சில ஜிபி கணக்கில் இருக்கும். மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் வீடுகளில் ஒரு நாள் டேட்டா ஒரே இன்ஸ்டாலில் காலி.

இதற்காகவே ஒரு கருவியை எழுதியிருக்கிறார் இந்தியாவைச் சேர்ந்த டெபியன் டெவலப்பர் ரித்தேஷ் ராஜ் சர்ராஃப். பெயர் 'ஆப்ட்-ஆஃப்லைன்'. நெட் இல்லாத கணினியில் அதை ஓடவிட்டால், என்னென்ன தேவை என்று ஒரு சிறிய ஃபைலில் எழுதித் தரும். மளிகைக் கடை சீட்டு மாதிரி! அந்த ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, நெட் உள்ள ஒரு கணினிக்குப் போய், அங்கே எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இன்ஸ்டால் செய்யலாம்.

விண்டோஸில் விங்கெட்டுக்கு டவுன்லோட் மட்டும் செய்யும் கட்டளை உண்டு. பெரிய இன்ஸ்டாலர்களை ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டதைப் பார்த்த நீலகிரிக்காரர்களுக்கு, வீட்டில் கையிருப்பு வைத்துக்கொள்வதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் மட்டும் அலட்சியம் கூடாது!

யாரோ எழுதிய ஸ்கிரிப்ட்டை இணையத்திலிருந்து இறக்கி, படிக்காமலேயே ஓடவிடுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம் அது.

2021-ல் நடந்த ஒரு சம்பவம் இதற்கு உதாரணம். மென்பொருள் சோதனைக்கு உதவும் 'கோட்கவ்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்கிரிப்ட்டைப் பல நிறுவனங்களின் கணினிகள் தானாகவே இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தன. ஜனவரி 31 முதல் யாரோ அந்த ஸ்கிரிப்ட்டில் ரகசியமாகக் கைவைத்திருந்தார்கள். ஓடும் கணினியில் இருந்த ரகசியச் சாவிகள் வெளியே ஒரு சர்வருக்குப் போகும்படி மாற்றம் செய்யப்பட்டிருந்தது. இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் 1 அன்று ஒரு வாடிக்கையாளர், இறக்கிய ஸ்கிரிப்ட்டின் சரிபார்ப்பு எண்ணும் வெளியிடப்பட்டிருந்த எண்ணும் பொருந்தவில்லையே என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அதனால் இந்த நான்கையும் மறக்காதீர்கள்:

* புரியாத வரி இருந்தால் ஸ்கிரிப்ட்டை ஓடவிடாதீர்கள். தெரிந்தவரிடம் கேளுங்கள்.
* பாஸ்வேர்டு, சாவி எதையும் ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதாதீர்கள். கிட்ஹப்பில் ஒருமுறை போட்டுவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும். பாஸ்வேர்டு மேனேஜரில் தனியாக வையுங்கள்.
* அலுவலக லேப்டாப் என்றால் எதை இன்ஸ்டால் செய்யலாம் என்று ஐ.டி. பிரிவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.
* ஸ்கிரிப்ட்டை வெறும் கணினியில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உங்கள் கணினிக்குள்ளேயே 'விர்ச்சுவல் மெஷின்' என்ற தற்காலிகக் கணினியை உருவாக்கி அதில் ஓடவிடலாம். உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே இருப்பதால் நீங்கள் எழுத மறந்த வரி எது என்பது அங்கேதான் தெரியும்.

எல்லோருக்கும் இது தேவையா?

தேவையில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப் மாற்றி, பிரவுசரும் எம்.எஸ். ஆபீஸும் மட்டும் பயன்படுத்துபவர் ஆன்சிபிள் படிக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டில் சாஃப்ட்வேர்களின் பெயர்களை எழுதிவைத்தால் போதும்.

கோடிங் படிப்பவர்களும் முதலில் அந்த நோட்டிலிருந்தே தொடங்கலாம். அடுத்த முறை எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது, அதன் பெயரையும் வெர்ஷனையும் மாற்றிய செட்டிங்ஸையும் ஒரு ஃபைலில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் பட்டியல் முழுமையாகிவிடும். அதைக் கணினி படிக்கும் ஸ்கிரிப்ட்டாக மாற்றுவது அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. முதல் தடவை கையால் இன்ஸ்டால் செய்வதைவிட ஸ்கிரிப்ட் எழுத அதிக நேரம் பிடிக்கும் என்பதும் உண்மைதான். பலன் இரண்டாவது கணினியில்தான் தெரியும்.

இரண்டாவது கணினிகள் நிறைய வரவிருக்கின்றன. 2025 மார்ச்சில் தாக்கலான தமிழக பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்ற அறிவிப்பு வெளியானது. ஒரு கல்லூரியின் கணினித் துறையில் ஒரே ஒரு ஆசிரியரோ, ஆர்வமுள்ள ஒரு மாணவரோ, 'நம் பாடத்துக்குத் தேவையான எல்லாம் இதில் இருக்கிறது' என்று ஒரு ஃபைலை எழுதிவைத்தால் போதும். முதல் செமஸ்டரின் முதல் லேப் வகுப்பு, 'சார், எனக்கு இன்ஸ்டால் ஆகலை' என்று தொடங்காது.

ஐப்பசி மழையில் ஒரு காலை

அதே கட்டபெட்டு வீட்டுக்கு மறுபடி வருவோம். ஐப்பசி மாதம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. இரவு கரன்ட் போய்ப் போய் வந்ததில் லேப்டாப் மொத்தமாகச் செத்துவிட்டது. அலுவலகம் மாற்று லேப்டாப் அனுப்பிவிட்டது. மழை விட்ட ஒரு காலையில் கூரியர் வருகிறது.

மகள் பழைய மூன்று நாளை மறக்கவில்லை. அந்த மூன்று நாளில் பட்ட பாட்டையெல்லாம் வரி வரியாக ஒரு ஃபைலில் எழுதி, கிட்டில் சேமித்துவைத்திருந்தாள். பெரிய இன்ஸ்டாலர்கள் பென் டிரைவில் தயாராக இருந்தன. ஃபைலை ஓடவிட்டுவிட்டு சாப்பிட உட்கார்ந்தாள். நடுவில் ஒருமுறை நெட் போனது. திரும்ப வந்ததும் மறுபடி ஓடவிட்டாள்.

காலையில் இலை பறிக்கக் கிளம்பிய அம்மா, மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது மகள் மும்முரமாக டைப் செய்துகொண்டிருந்தாள்.

"போன தடவை மூணு நாள் உட்கார்ந்திருந்தியே கண்ணு... அதுக்குள்ள ரெடியா?"

"செய்முறையை எழுதி வெச்சிருந்தேம்மா. அடுத்த வாரம் டீம்ல ஒரு தம்பி புதுசா சேர்றான். அவனுக்கும் அதைத்தான் அனுப்பப் போறேன்."